ஐம்பது மீட்டர் நீச்சல்: வேகம் எங்கே இருக்கிறது?

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம். 2009 டிசம்பரில் சாவோ பாலோ நகரில் பிரேசில் வீரர் சீசர் சியெலோ 50 மீட்டர் தூரத்தை 20.91 நொடியில் நீந்தினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் முடியும்வரை அந்த உலக சாதனை அசையாமல் நின்றது. அந்த வேகத்தை மணிக்கணக்குக்கு மாற்றினால் மணிக்கு எட்டரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். காலையில் கடற்கரைச் சாலையில் மெல்லோட்டம் ஓடுகிறவர், குளத்தின் கரையோரமாகச் சியெலோவுக்கு இணையாகவே ஓடியிருக்கலாம். உசைன் போல்ட் 9.58 நொடியில் ஓடிய 100 மீட்டரோ சராசரியாகவே மணிக்கு 37 கிலோமீட்டரைத் தாண்டும்.

உலகிலேயே வேகமான நீச்சல்காரர் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறார்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் குறுந்தூர நீச்சலைப் பற்றி வாய்க்கு வந்ததெல்லாம் பேசப்படுகிறது. கையை வேகமாகச் சுற்றுகிறவர் ஜெயிக்கிறார் என்பது ஒரு பேச்சு. தண்ணீரில் நடக்கும் நூறு மீட்டர் ஓட்டம்தானே என்பது இன்னொன்று. இருபத்தைந்து வயதோடு இந்த ஆட்டம் முடிந்துவிடும் என்பது மூன்றாவது. மூன்றிலும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

குறுந்தூர நீச்சல் என்று இங்கே நான் சொல்வது 50, 100 மீட்டர் போட்டிகளை. பிரீஸ்டைல் என்றால் விதிப்படி எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம். கைகளை மாற்றி மாற்றி வீசிக் குப்புற நீந்துவதுதான் எல்லாவற்றிலும் வேகமானது என்பதால் எல்லோரும் அதையே நீந்துகிறார்கள்.

## மார்பளவு தண்ணீரில் நடந்து பாருங்கள்

ஆற்றிலோ குளத்திலோ மார்பளவு தண்ணீரில் நடந்திருப்பீர்கள். மெதுவாக நடந்தால் தண்ணீர் வழிவிடுகிறது. கொஞ்சம் விரைந்தால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது. ஓட முயன்றால் மூச்சு வாங்குகிறதே தவிர ஆள் நகர்வதில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித் தோளை முன்னால் விட்டு நடந்தால் மட்டும் சற்றே இளகுகிறது. குறுந்தூர நீச்சலின் அடிப்படை முழுவதும் இந்த அனுபவத்துக்குள் இருக்கிறது.

நகரும் உடலைத் தண்ணீர் பின்னுக்கு இழுக்கும் விசைக்கு இழுவை விசை என்று பெயர். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதைவிட முக்கியமான சங்கதி, இழுவை விசை வேகம் கூடும் அளவுக்கு மட்டும் கூடுவதில்லை. தோராயமாக வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் இழுவை 21 சதவீதம் கூடும். அந்த வேகத்தில் தொடர்ந்து போகத் தசைகள் ஒவ்வொரு நொடியும் செலவிட வேண்டிய ஆற்றலோ 33 சதவீதம் கூடும். மார்பளவு தண்ணீரில் ஓட முடியாமல் போனதன் காரணம் இதுதான்.

ஆக, வேகமாகப் போக இரண்டே வழிகள். ஒன்று, பலத்தைக் கூட்டுவது. அது சீக்கிரமே கட்டுப்படியாகாமல் போய்விடும். தசை பெருத்தால் உடல் அகலமாகும், அகலமானால் தண்ணீர் இன்னும் பலமாக இழுக்கும். இன்னொன்று, இழுவையைக் குறைப்பது. தலையை நிமிர்த்தாமல், இடுப்பைத் தொங்கவிடாமல், உடலை ஒரே கோட்டில் வைத்துத் தண்ணீருக்குள் முடிந்தவரை சிறிய துளை வழியாகப் போவது.

இந்த இரண்டாவது வழியின் பெரும் ஆசான் ரஷ்யாவின் அலெக்சாண்டர் போபோவ். 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா இரண்டு ஒலிம்பிக்கிலும் 50, 100 மீட்டர் பிரீஸ்டைல் தங்கங்கள் நான்கையும் அவரே எடுத்துக்கொண்டார். அவர் நீந்துவதைப் பார்த்தால் அவசரமே தெரியாது. பக்கத்துப் பாதைகளில் நுரை பறக்கும்போது அவர் நிதானமாகக் கையை நீட்டுவார். ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் மற்றவர்களைவிட அதிக தூரம் நகர்ந்திருப்பார். ஒரு கைவீச்சில் கடக்கும் தூரத்தை வீச்சு நீளம் என்கிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை வீச்சு என்பது வீச்சு விகிதம். வேகம் இரண்டின் பெருக்குத்தொகை. வெறும் கண்ணுக்கு வீச்சு விகிதம்தான் தெரியும், வீச்சு நீளம் தெரியாது. "கையை வேகமாகச் சுற்றுகிறவர் ஜெயிக்கிறார்" என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான்.

கை தண்ணீரைப் பின்னால் தள்ளுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். தேர்ந்த நீச்சல்காரர் உள்ளங்கையையும் முன்கையையும் துடுப்புபோல் நிறுத்தித் தண்ணீரில் ஒரு பிடிமானம் போட்டுக்கொண்டு, அந்தப் பிடியைத் தாண்டித் தன் உடலை முன்னே கொண்டுபோகிறார். பிடிமானம் நழுவினால் கை மட்டும் வேகமாகச் சுற்றும். ஆள் அங்கேயே இருப்பார்.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்ளுங்கள்: வேகம் கூடக் கூடத் தண்ணீர் பல மடங்காகத் திருப்பித் தள்ளும். பலம் தேவைதான், ஆனால் இழுவையைக் குறைக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பலம் உதவும்.

## குதித்த கணமே உச்ச வேகம்

ஓட்டக்காரர் நின்ற நிலையில் தொடங்கிப் பல மீட்டர் ஓடிய பிறகுதான் உச்ச வேகத்தை எட்டுவார். நீச்சலில் கதை தலைகீழ். பந்தயத்திலேயே அதிக வேகம், மேடையிலிருந்து பாய்ந்து தண்ணீருக்குள் நுழையும் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. அப்போதைய வேகம் நீந்தும் வேகத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதற்குப் பிறகு சுவர்வரை நடப்பதெல்லாம், கையில் இருந்த வேகத்தை எவ்வளவு மெதுவாக இழப்பது என்ற போராட்டம்.

அதனால் பாய்ச்சலைக் கூர்ந்து பார்ப்பது நல்லது. மேடையின் முன்விளிம்பில் ஒரு காலின் விரல்கள் கவ்வியிருக்கும். மற்றக் கால் பின்னால், சாய்வாகப் பொருத்திய பலகையில் ஊன்றியிருக்கும். இரு கைகளும் விளிம்பை இறுகப் பிடித்திருக்க, உடல் வில்லாக வளைந்திருக்கும். ஒலி கேட்டதும் முக்கால் நொடிக்குள் கால்கள் மேடையை விட்டுவிடும். காற்றில் ஒரு கோடாக நீண்டு, விரல் நுனி துளைத்த அதே துளை வழியாகத் தலை, இடுப்பு, பாதம் என வரிசையாக நுழைய வேண்டும். வயிறோ தொடையோ தண்ணீரில் அறைந்தால் மேடையில் சம்பாதித்த வேகம் அங்கேயே செலவாகிவிடும். ஒலிக்கு முன் புறப்பட்டால் தகுதி நீக்கம். இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

நுழைந்தவுடன் யாரும் மேலே வருவதில்லை. தண்ணீரின் மேற்பரப்பில் நகர்கிறவர் தன் முன்னால் அலையை எழுப்பிக்கொண்டே போக வேண்டும். அந்த அலையை உண்டாக்கும் செலவும் அவருடையதே. இதை அலைத்தடை என்பார்கள். அரை மீட்டருக்கும் கீழே ஆழத்தில் போனால் அந்தத் தடை வெகுவாகக் குறைகிறது. அங்கே இரு கால்களையும் சேர்த்து, இடுப்பிலிருந்து உடலையே அலையாக ஆட்டி முன்னேறுகிறார்கள். இதற்கு டால்பின் உதை என்று பெயர். இதைத் தடுக்காமல் விட்டால் நீச்சல் போட்டி கண்ணுக்கே தெரியாத போட்டியாகிவிடும் என்பதால், 15 மீட்டர் கோட்டுக்குள் தலை மேலே வந்தாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். 50 மீட்டரில் பெரும்பாலோர் அதற்கு முன்பே மேலே வந்துவிடுவார்கள், ஏனென்றால் உதையின் வேகம் கைவீச்சின் வேகத்துக்கு இறங்கும் இடத்தில் மேலே வருவதுதான் இலாபம்.

அமெரிக்காவின் கேலிப் டிரெசல் இந்த முதல் 15 மீட்டரில்தான் மற்றவர்களை உடைப்பார். டோக்கியோ ஒலிம்பிக் 50 மீட்டரில் அவர் 21.07 நொடியில் வென்றபோது, இரண்டாவதாக வந்த பிரான்ஸின் புளோரன்ட் மனாடுவுக்கு 21.55. ஒருவர் விரலளவில் ஜெயிக்கும் போட்டியில் அரை நொடி என்பது அநியாயம்.

மேலே வந்த பிறகு இருப்பது முப்பத்தைந்து மீட்டர் சொச்சம். இதில் மூச்சு விடுவதில்லை என்பது பலருக்கு வியப்பு. ஆண்கள் பிரிவில் முன்னணி வீரர்கள் பலர் 50 மீட்டரை ஒருமுறைகூட மூச்சு எடுக்காமல் முடிக்கிறார்கள். காரணம் வீம்பு கிடையாது. முகத்தைத் திருப்பினால் உடலின் கோடு கலையும், இழுவை கூடும். அப்படி எடுத்த மூச்சால் பெரிய பயனும் இல்லை. முதல் பத்து நொடியளவு தசைகள் தமக்குள் சேமித்த கிரியேட்டின் பாஸ்பேட்டைக் கொண்டும், அதன் பிறகு ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்தும் வேலை செய்கின்றன. இப்போது உள்ளே போகும் ஆக்சிஜன் வேலைக்கு வந்து சேரும் முன் பந்தயம் முடிந்துவிடும். 100 மீட்டரில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மூச்சு வேண்டும். கடைசி 15 மீட்டரில் கை கல்லாகக் கனப்பதையும் தாங்க வேண்டும். 50 மீட்டரில் கொடிகட்டியவர் 100 மீட்டரில் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

## நொடியில் நூறில் ஒரு பங்கு

சுவரில் தொங்கும் மஞ்சள் நிறத் தொடுபலகைதான் வெற்றியாளரைச் சொல்கிறது. அது கை பட்டால் போதாது, அழுத்தம் வேண்டும். 2008 பெய்ஜிங்கில், இரு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் 100 மீட்டர் பட்டர்பிளை இறுதியில் செர்பியாவின் மிலோரட் சாவிச் முந்திவிட்டதாகத்தான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவர் கையை நீட்டிச் சறுக்கியபடி வந்தார். மைக்கேல் பெல்ப்ஸ் கடைசியாக ஓர் அரை வீச்சு போட்டுப் பலகையை அறைந்தார். 50.58, 50.59. தங்கம் பெல்ப்ஸுக்கு.

நூறில் ஒரு நொடி என்பது குறுந்தூர வேகத்தில் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். அதைவிட நுட்பமாக ஏன் அளப்பதில்லை என்று கேட்கலாம். அளந்திருக்கிறார்கள். 1972 மியூனிக்கில் நான்கு பாணிகளையும் ஒருவரே அடுத்தடுத்து நீந்தும் 400 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில் ஸ்வீடனின் குன்னர் லார்சனுக்கு ஆயிரத்தில் இரண்டு நொடி வித்தியாசத்தில் தங்கம் கொடுத்தார்கள். பிறகு யோசித்தார்கள்: ஆயிரத்தில் ஒரு நொடி என்றால் இரண்டு மில்லிமீட்டர் அளவு, ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் அந்த வித்தியாசம்கூட இல்லாமல் குளத்தைக் கட்டும் கொத்தனார் எங்கே இருக்கிறார்? அதனால் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். சமம் என்றால் இருவருக்கும் தங்கம்.

2000 சிட்னியில் 50 மீட்டரில் அப்படித்தான் ஆனது. அமெரிக்காவின் கேரி ஹால் ஜூனியரும் 19 வயது அந்தோணி எர்வினும் 21.98 நொடியில் ஒன்றாகத் தொட்டார்கள். நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு, கசப்பான கதை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் பிரீஸ்டைலில் இந்தியாவின் விர்தாவல் காடே நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார்.

சுருக்கமாக: குறுந்தூரப் பந்தயம் என்பது பாய்ச்சல், நீருக்கடி, கைவீச்சு, தொடுகை என்ற நான்கு வேலைகள். இவற்றில் கைவீச்சு மட்டுமே பார்வையாளருக்குத் தெரிகிறது.

## உடை சொன்ன சாட்சி

இழுவைதான் எல்லாம் என்று இன்னும் நம்பாதவர்களுக்கு நீச்சல் உலகமே ஒரு பரிசோதனை நடத்திக் காட்டியது. 2008-இல் புதுவகை முழு உடைகள் வந்தன. 2009-இல் பாலியூரித்தேன் என்னும் ரப்பர் போன்ற பொருளால் ஆன உடைகள். அவை உடலை இறுக்கி வழுவழுப்பாக்கின, தண்ணீரில் சற்று மிதக்கவும் வைத்தன. 2009 ரோம் உலகச் சாம்பியன்ஷிப் ஒன்றிலேயே 43 உலக சாதனைகள் விழுந்தன. ஓராண்டில் அத்தனை பேருக்கும் திடீரென்று பலம் கூடிவிடவில்லை. 2010 முதல் அந்த உடைகளுக்குத் தடை வந்தது. இப்போது துணி உடை மட்டுமே. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை. சியெலோவின் 20.91 அந்தக் கால உடையில் வந்தது. அவர் அதற்கு முன்பே ஒலிம்பிக் சாம்பியன், அவர் திறமையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் அந்த எண்ணை இன்றைய எண்களோடு ஒப்பிடும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

## ஒரு வாழ்க்கை எப்படி ஓடுகிறது

சர்வதேசக் குறுந்தூர நீச்சல் வீரரின் வாழ்க்கை முதலில் தகுதி நேரத்தைச் சுற்றி ஓடுகிறது. ஒலிம்பிக்குக்கு வர, அனுமதிக்கப்பட்ட போட்டி ஒன்றில் குறிப்பிட்ட நேரத்துக்குள் நீந்தியிருக்க வேண்டும். ஆனால் ஒரு நாட்டிலிருந்து ஒரு போட்டிக்கு இருவர்தான் போகலாம். அமெரிக்கா போன்ற நாட்டில் இது கொடுமையான வடிகட்டி. டோக்கியோவில் 100 மீட்டர் தங்கம் வென்ற டிரெசல், 2024 தேர்வுப் போட்டியில் மூன்றாவதாக வந்தார். பாரிஸில் அந்தத் தனிநபர் போட்டியில் அவருக்கு இடமில்லை. மறுபுறம், நீச்சல் வளராத நாடுகளுக்கு நேரத்தைப் பார்க்காமல் தரும் இடங்கள் உண்டு. அப்படி வந்தவர்தான் எக்குவடோரியல் கினியின் எரிக் முசம்பானி. 2000 சிட்னியில் உடன் நீந்த வேண்டிய இருவரும் தவறான தொடக்கத்தால் நீக்கப்பட, தன்னந்தனியாக 100 மீட்டரை 1 நிமிடம் 52.72 நொடியில் முடித்தார். அன்று அரங்கம் எழுந்து கைதட்டியது அவருக்குத்தான்.

தகுதி பெற்றவர்கள் பெரிய போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு பயிற்சியைப் படிப்படியாகக் குறைப்பார்கள். மாதக்கணக்கில் சேர்ந்த களைப்பு இறங்கி உடல் கூர்மையாகும். டேப்பர் என்று இதைச் சொல்வார்கள். ஆண்டில் ஓரிரு முறைதான் இதைச் செய்ய முடியும். இடையில் நடக்கும் போட்டிகளில் ஒருவர் மெதுவாக நீந்தினால் "சரிந்துவிட்டார்" என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பயிற்சி எவ்வளவு என்பதில்தான் அண்மையில் பெரிய மாற்றம். 21 நொடிப் போட்டிக்கு ஆளைத் தினமும் கிலோமீட்டர் கணக்கில் நீந்தவிடுவதே நெடுங்கால வழக்கம். ஆஸ்திரேலியாவின் கேமரூன் மெக்எவாய் அந்த வழியில்தான் வளர்ந்தார். 2016 ரியோவுக்கு 100 மீட்டரில் 47.04 என்ற அபார நேரத்தோடு போனவர், இறுதியில் ஏழாவதாக வந்தார். டோக்கியோவிலும் ஏமாற்றம். ஒதுங்கினார், மலையேற்றம் மாதிரியான பாறை ஏறும் பயிற்சிகளில் இறங்கினார். இயற்பியல் படித்தவர் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாரம் 30 கிலோமீட்டர் அளவில் இருந்த நீச்சலை இரண்டு மூன்று கிலோமீட்டருக்குக் குறைத்து, உச்ச வேகத்தில் சிறு தூரங்களையும் பலப் பயிற்சியையும் மட்டும் வைத்துக்கொண்டார். 2023 புக்குவோகாவில் 21.06 நொடியில் உலகச் சாம்பியன்; 2024 பாரிஸில் தன் நான்காவது ஒலிம்பிக்கில், 30 வயதில், 21.25 நொடியில் தங்கம். போபோவின் நீண்ட வீச்சும் மெக்எவாயின் குறைந்த நீச்சலும் எதிரெதிராகத் தெரியலாம். இருவரும் கேட்டது ஒரே கேள்விதான்: இந்தப் பந்தயத்துக்கு எது தேவையில்லை?

இருபத்தைந்தில் முடிந்துவிடும் என்ற பேச்சுக்கு இப்போது வருவோம். அமெரிக்காவின் டாரா டோரஸ் 1984-இல் முதல் ஒலிம்பிக் கண்டவர். 2008-இல் 41 வயதில் 50 மீட்டர் தங்கத்தை நூறில் ஒரு நொடியில் ஜெர்மனியின் பிரிட்டா ஸ்டெஃபனிடம் இழந்தார். போபோவ் 1996-இல் மாஸ்கோ தெருவில் தர்பூசணி வியாபாரிகளோடு நடந்த தகராறில் கத்திக்குத்து வாங்கி, அதிலிருந்து மீண்டு, 2003-இல் 31 வயதில் மறுபடி 50, 100 மீட்டர் உலகச் சாம்பியன் ஆனார். ஸ்வீடனின் சாரா ஷோஸ்ட்ரோம் 2021 பிப்ரவரியில் பனியில் வழுக்கி முழங்கையை உடைத்துக்கொண்டார். அதே கோடையில் டோக்கியோவில் வெள்ளி. 2024 பாரிஸில் 30 வயதில் 50, 100 இரண்டிலும் தங்கம்.

எல்லாவற்றையும் மிஞ்சியது எர்வின் கதை. சிட்னி தங்கத்துக்குப் பிறகு 22 வயதில் நீச்சலையே விட்டுவிட்டார். 2004 டிசம்பர் சுனாமி நாகப்பட்டினத்தையும் இலங்கைக் கரைகளையும் சுமத்ராவையும் அடித்துப் போனபோது, அந்தத் தங்கப் பதக்கத்தை இணையத்தில் ஏலம் விட்டார். கிடைத்தது 17,000 டாலருக்குச் சற்று அதிகம். அத்தனையும் சுனாமி நிவாரணத்துக்குப் போனது. பல ஆண்டுகள் கழித்துக் குளத்துக்குத் திரும்பினார். 2016 ரியோ 50 மீட்டர் இறுதியில் எர்வின் 21.40, மனாடு 21.41. அப்போது எர்வினுக்கு வயது 35.

ஏன் இது முடிகிறது? தண்ணீர் உடலைத் தாங்குவதால் ஓட்டக்காரரின் கால்களுக்கு விழும் அடி நீச்சல்காரருக்கு விழுவதில்லை. தோள் மட்டும் தேயும். நீச்சல் தூரத்தைக் குறைத்தால் அந்தத் தேய்மானமும் குறையும். நுட்பம் வயதோடு முதிர்கிறது. தசையின் வெடிப்பு வலிமை கொஞ்சம் இறங்கினாலும், இழுவையைக் குறைக்கும் திறன் அதை ஈடுசெய்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

பாரிஸ்வரை ஒலிம்பிக்கில் 50 மீட்டர் என்றால் பிரீஸ்டைல் மட்டும்தான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் 1988 சியோலில் அது சேர்ந்தது. மற்ற மூன்று பாணிகளிலும் 50 மீட்டரில் வல்லவர்கள் வேண்டாவெறுப்பாக 100 மீட்டருக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸில் மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், பட்டர்பிளை மூன்றிலும் 50 மீட்டர் சேர்கிறது. நமக்கு இதில் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. 24 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டு நீச்சல் பதக்கம் கிடைத்தது 2010 குவாங்சோவில். அதே விர்தாவல் காடே வென்ற அந்த வெண்கலம் 50 மீட்டர் பட்டர்பிளையில் வந்தது. அவர் நீந்திய காலத்தில் அந்தப் போட்டி ஒலிம்பிக்கில் இல்லை.